நீ தொலைக்காத தோல்காற்சட்டை

என் மகனே, உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. நீ தமிழை எழுத்துக்கூட்டி மெல்ல வாசிப்பவன் என்பதால் நேரத்தோடு எழுதுகிறேன். ஜேர்மன் மொழியில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் இத்தனை வருசத்தில் நான் அந்த மொழியில் எழுதியதெல்லாம் விண்ணப்பப் படிவங்கள் மட்டுமே. அதில் எழுத உட்கார்ந்தால் பிறந்த திகதியையும் விலாசத்தையும் தவிர எனக்கு எதுவும் உண்மையாக வராது. சுற்றி வளைத்துத் தொடங்கினால் ஏதாவது ஒரு மூலையில் தப்பி ஓடிவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் நீ தொலைத்துவிட்டாய் என்று நம் வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற அந்தத் தோல்காற்சட்டையை நீ தொலைக்கவில்லை. நான்தான் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். போட்டுவிட்டு, நீ தொலைத்தாய் என்று உன்னிடமே சொன்னேன். நீயும் நம்பினாய்.

இருபத்தாறு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிசனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். வந்தது இந்த ஈஸ்டருக்கு, நீ கட்டப்போகிற லேனாவின் வீட்டில். சாப்பாடு முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது லேனாவின் அப்பா உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாரே, நினைவிருக்கிறதா? மெல்லிய தாளை விலக்கி அவர் எடுத்தது ஒரு தோல்காற்சட்டை. முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டுகிற நீள வகை, மான்தோல், பக்கவாட்டில் பச்சை நூல் வேலைப்பாடு. அவருடைய தகப்பன் கலியாணத்துக்குப் போட்டது, பிறகு அவர் போட்டது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, நீ போட்டால் சந்தோசப்படுவேன் என்று சொன்னார். நீ அதைத் தொடக்கூட இல்லை. பெட்டியை இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளி, என்னிடம் இதைத் தராதீர்கள், நான் தொலைத்துவிடுவேன், சின்ன வயதிலேயே ஒன்றைத் தொலைத்தவன் என்று சொன்னாய். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் சிரித்த கேவலமான சிரிப்பு அதுதான்.

பிறகு குசினியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது லேனா எனக்கு ஒன்று சொன்னாள். சத்திரசிகிச்சை அறையில் வயிற்றைத் தைக்க முன் பஞ்சுகளையும் கத்திகளையும் எண்ணுவது உன் வேலை. ஒரு பஞ்சு குறைந்தாலும் வெட்டித் தைக்கிற பேராசிரியரையே நிறுத்திவைப்பாய், அதற்காகவே டொக்டர்மார் உன்னைக் கேட்டு வாங்குகிறார்கள் என்றாள். அப்படிப்பட்டவன் கலியாண மோதிரத்தைத் தன்னிடம் வைத்திருக்கமாட்டேன் என்கிறான், கடவுச்சீட்டை ஒரு பயணத்தில் பத்துத் தரம் தொட்டுப் பார்க்கிறான், வீட்டைப் பூட்டிய திறப்பை எங்கேயாவது விட்டுவிட்டேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறான், ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்கு வரப்போகிற மனைவியின் முகத்தைப் பார்த்து, இன்னொரு பொய்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மியூனிக்குக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊருக்கு நாங்களாக விரும்பிப் போகவில்லை. அகதியாக வந்தவர்களை எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ அங்கேதான் இருக்க வேண்டும். மலை இருந்தது, ஏரி இருந்தது, மாடுகள் இருந்தன. தமிழ் பேச எங்கள் மூன்று பேரை விட்டால் யாருமில்லை. வந்த முதல் வருசம் முழுக்க தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த அறையில் அடுக்கிவைத்திருந்த பழைய உடுப்புகளைத்தான் போட்டோம். அதைக் கொடுத்தவர்கள் நல்லவர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் தையல்காரனிடம் அளவு கொடுத்து நீளக் காற்சட்டை தைத்துப் போட்டவன் நான். எவனோ ஒருவன் போட்டுக் கழித்த காற்சட்டையை, இடுப்பில் பின்னூசி குத்திக்கொண்டு போட்டு, அதோடு அரசாங்கக் கந்தோரில் போய் வரிசையில் நின்றபோது எனக்குள் ஒன்று கருகிப்போனது. ஊர் விடுதியின் குசினியில் சட்டிபானை கழுவும் வேலை கிடைத்த அன்று, இனி என் பிள்ளை அடுத்தவன் போட்ட உடுப்பைப் போடமாட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். நான் சபதம் எடுக்கிற நேரங்களில் வழக்கமாகச் செய்வது போல அவள் அடுப்பைக் கவனிக்கத் திரும்பினாள்.

அடுத்த வீட்டில் ஐக்னர் அம்மா இருந்தா. கணவன் இல்லை, மகன் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போய்விட்டான். நீ பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அவ வீட்டுக்குத்தான் போவாய். அவ தந்த அப்பிள் கேக்கைத் தின்று, அவ பேசிய மலைநாட்டு ஜேர்மனைப் பழகிக்கொண்டு வருவாய். உனக்கு எட்டு வயதான அந்த வசந்தத்தில், ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகளும் நடக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. இரண்டு நாள் கழித்து ஐக்னர் அம்மா ஒரு பையோடு வந்து, எங்கள் மேசையில் அந்தத் தோல்காற்சட்டையை விரித்துவைத்தா. சின்னப் பெடியன்கள் போடுகிற கட்டை வகை, தொடையோடு நிற்பது. முன்பக்கம் இரண்டு கொம்புப் பொத்தானில் மாட்டித் திறந்து மூடுகிற ஒரு மடிப்பு, கதவு மாதிரி. தோளில் போடும் இரண்டு தோல்பட்டிகள், நெஞ்சுக்குக் குறுக்கே அவற்றை இணைக்கும் ஒரு துண்டு, அதில் ஒரு மானின் உருவம். வலது தொடையில் கத்தி வைக்க ஒரு நீட்டுப் பை. இடுப்பின் பின்பக்கம் சப்பாத்து மாதிரிக் கயிறு கோத்திருந்தது. பிள்ளை வளர வளர அதைத் தளர்த்திவிடலாம், அதனால்தான் இதைப் பெரிதாக வாங்கி வருசக்கணக்காகப் போடுவார்கள் என்றா.

அவ நிறையச் சொன்னா. நான் அரைவாசி விளங்கிக்கொண்டேன், மீதிக்குத் தலையாட்டினேன். மலையில் வேலை செய்கிறவர்களும் வேட்டைக்காரரும் போட்ட உடுப்பு இது என்றா, முள்ளும் கல்லும் கிழிக்காது, அப்பனுக்குப் பிறகு மகன் போடலாம். பிறகு அரசர்கள் வேட்டைக்குப் போகும்போது இதைப் போட்டுப் பார்த்து ஆசைப்பட்டார்களாம். கம்பளிக் காற்சட்டை வந்ததும் இது பட்டிக்காட்டு உடுப்பு என்று ஊரே கைவிட்ட ஒரு காலமும் இருந்ததாம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, இதை விடமாட்டோம் என்று திரும்பப் போட்டுத் திரிந்தாராம். முழங்கால் தெரிகிறது, ஒழுக்கமில்லை என்று குருமார் கோபித்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் அவ சிரித்துச் சிரித்துச் சொல்ல, நான் அந்தக் காற்சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கமும் தொடையும் கறுத்து, எண்ணெய் ஊறி, பளபளவென்று இருந்தது. ஒரு மணம் வேறு. கழுவலாமா என்று அம்மா கேட்டாள். ஐக்னர் அம்மா பதறிப்போய்த் தண்ணீரே காட்டக்கூடாது என்றா. இந்தக் கறுப்புத்தான் இதன் அழகு, புதுக் காற்சட்டை கிடைத்த பெடியன் வெட்கப்பட்டுக் கொழுப்பும் சாம்பலும் பூசிப் பழசாக்குவான் என்றா.

எனக்கு விளங்கியது வேறு. ஐம்பது வருசம் கழுவாத ஒன்றை, எவன் எவனோ போட்டு வியர்த்த ஒன்றை, அகதி என்றபடியால் என் பிள்ளையிடம் தள்ளிவிடுகிறா என்றுதான் விளங்கியது. நன்றி என்று வாயால் சொன்னேன், அவ போனதும் அம்மாவிடம் நாய்கூட முகராது என்றேன். எந்த மிருகத்தின் தோலோ, சுவாமி அறைப் பக்கம் கொண்டுபோகாதே என்றும் சொன்னேன். புலித்தோல் உடுத்தவரைத் தினமும் கும்பிடுகிறவன் ஒரு மான்தோலுக்கு மூக்கைப் பிடித்தேன். இன்று எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் நல்ல சிரிப்பில்லை.

நீ அதைப் போட்டாய். ஊர்வலத்துக்கு மட்டும் என்றுதான் சம்மதித்தேன், நீ அந்தக் கோடை முழுக்கக் கழற்றவில்லை. மரத்தில் ஏறினாய், வைக்கோலில் சறுக்கினாய், ஏரிக்கரைச் சேற்றில் இருந்தாய். மற்றப் பெடியன்களின் அம்மாமார் தெருவில் மறித்து உன் காற்சட்டையைத் தடவிப் பார்த்து, இது ஐக்னர் வீட்டுக் காற்சட்டையல்லவா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் மரியாதை இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. அடுத்தவன் வீட்டு உடுப்பு என்று கண்டுபிடித்துவிட்டார்களே என்றுதான் கூனிப்போனேன். நீ அதை எப்படி வைத்திருந்தாய் என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். படுக்க முன் காய்ந்த துணியால் சேற்றைத் துடைப்பாய். பட்டிகளை மடித்து உள்ளே வைப்பாய். கதிரையின் முதுகில் நேராகப் போட்டு, சுருக்கம் இல்லையென்று கையால் தடவிப் பார்ப்பாய். ஐக்னர் அம்மா சொல்லித்தந்தபடி ஒரு நாள் தவறாமல் செய்தாய். எட்டு வயதில் நான் என் புத்தகத்துக்குக்கூட அட்டை போட்டதில்லை.

ஆவணியில் உன் மாமா, அம்மாவின் தம்பி, பரிஸ் நகரத்திலிருந்து குடும்பத்தோடு வந்தான். எங்களிடம் வந்த முதல் சொந்தம் அவன்தான். அம்மா இரண்டு நாளாகச் சமைத்தாள், நான் கடன் வாங்காத குறையாக வீட்டை ஒழுங்குபடுத்தினேன். அவன் காரை விட்டு இறங்குகிற நேரம் பார்த்து நீ அந்தத் தோல்காற்சட்டையோடு, முழங்காலில் சேற்றோடு, மலைநாட்டு ஜேர்மனில் கத்திக்கொண்டு ஓடிவந்தாய். அவன் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், பெடியனை வெள்ளையளின்ர மாடு மேய்க்க விட்டிட்டியளோ?" என்று கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டான். அவன் மனிசி மூக்கைச் சுளித்து, பிள்ளையில் ஏதோ மணக்குது என்றாள். நான் இருபது பேருக்குச் சட்டி கழுவுகிறவன் என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பகிடி எங்கே குத்த வேண்டுமோ சரியாக அங்கே குத்தியது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு நாளும் என் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன், மகனே. அதை வேறு மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும்.

அவர்கள் போன மறுநாள் நீ நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாய், அதனால் வேறு காற்சட்டை போட்டிருந்தாய். கதிரையில் அது நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய உடுப்புப் போடுகிற இரும்புப் பெட்டிக்குப் போனேன். அங்கே பையிலிருந்து அதை வெளியே எடுத்தபோதுதான் இடுப்புப் பட்டியின் உட்பக்கத்தைப் பார்த்தேன். தோலில் மையால் மூன்று எழுத்துகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் இரண்டும் மங்கிப் பழசாகிவிட்டன, ஐக்னர் அம்மா பேர் சொல்லியிருந்த தம்பியினதும் மகனினதும் முதல் எழுத்துகள். மூன்றாவது புது மை. உன் பெயரின் முதல் எழுத்து. அவ தன் வீட்டுப் பிள்ளைகளின் வரிசையில் உன்னை எழுதிவைத்திருந்தா. அது பிச்சையாகத் தந்தது இல்லையென்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது, மகனே, நன்றாகவே விளங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது யாரோ சைக்கிளில் வந்தார்கள். அந்தக் காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் உள்ளே போட்டுவிட்டேன். சைக்கிளில் வந்தது எங்களைத் தெரியாத ஒரு ஆள், திரும்பியும் பார்க்காமல் போனார். பெட்டியில் போட்டதையும் எழுத்துகளைப் பார்த்ததையும் நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இதை எழுதும்போது அவள் என் பின்னால் நின்று வாசிக்கிறாள். இப்போதுதான் அவளுக்கும் தெரிகிறது.

பின்னேரம் நீ வந்து தேடினாய். நேற்று ஏரிக்குப் போட்டுக்கொண்டு போனாயே, அங்கே விட்டிருப்பாய் என்றேன். "இல்லை அப்பா, நான் கதிரையில போட்டனான்" என்றாய். நான் காணவில்லை என்றேன். நீ கதிரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், திரும்பக் கதிரையைப் பார்த்தாய். உன் கண்ணால் கண்டதை விட என் வாய் சொன்னது பெரிதாகிப்போனது உனக்கு. ஏரிக்கு ஓடினாய், கரையெல்லாம் தேடினாய், அழுதுகொண்டு வந்தாய். அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் கோபம் வந்தது. கவனமில்லாதவன் என்று உனக்கு ஒரு அடி அடித்தேன். அம்மா என் தோளைத் தட்டி, "ஒண்டில்லை, மூண்டு" என்கிறாள். சரி, மூன்று. இந்தக் கடிதத்திலும் இரண்டைக் குறைக்கப் பார்த்திருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை காலம் ஆற்றியிருக்கும். மறுநாள் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐக்னர் அம்மா வீட்டு வாசலுக்குப் போனேன். நம் வீட்டுப் பிள்ளை மரியாதை தெரிந்தவன் என்று காட்ட வேண்டுமாம் எனக்கு. மன்னிப்புக் கேள் என்றேன். நீ நிமிர்ந்து நின்று, சுத்தமான மலைநாட்டு ஜேர்மனில், உங்கள் காற்சட்டையைத் தொலைத்துவிட்டேன், எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது என்று சொன்னாய். அவ உன் தலையில் கையை வைத்தா. காற்சட்டைதானே, போகட்டும், கேக் இருக்கிறது வா என்றா. நீ போகவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் போகவில்லை. இரண்டு வருசத்தில் நாங்கள் வடக்கே கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்குக் குடிவந்தோம், தமிழர் இருக்கிறார்கள், கோயிலுக்குப் போகலாம் என்று. அந்த ஊரை விட்டு வந்ததில் உனக்கும் ஒரு நிம்மதி இருந்ததை நான் கண்டேன், ஏன் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பேர் மட்டும் உன்னோடு கூடவே வந்தது. பென்சில் காணவில்லையென்றால், நீ தோல் களிசானையே தொலைத்தவன்தானே. பஸ் அட்டை காணவில்லையென்றால் அதே பேச்சு. அரைவாசி நேரம் அந்தப் பென்சிலும் அட்டையும் உன் பையிலேயே இருந்தன. மாமா வந்தால் அந்தக் கதை வரும், விருந்தினர் வந்தால் வரும், நீயே சொல்லிச் சிரிக்கப் பழகினாய். நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. பிழையைச் செய்தது ஒரு பின்னேரம், அதைத் திரும்பத் திரும்பச் செய்தது இருபத்தாறு வருசம்.

இங்கே சலவைக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். அங்கே நான் அனுபவித்தது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு புரட்டாதி, ஐப்பசியிலும் பியர் விழாக்கள் முடிந்ததும் மேசையில் தோல்காற்சட்டைகள் வந்து குவியும். எது என்ன தோல் என்று எனக்கு விரலால் தொட்டுச் சொல்ல வரும். மாட்டுத்தோலைப் பிளந்து செய்த மலிவுச் சாமான் கரடுமுரடாக விறைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டுத்தோல் மெல்லியது, வியர்வை பட்டால் சாயம் விடும். மான்தோல், மீனெண்ணெய் ஊட்டிப் பதப்படுத்தியது, உள்ளங்கையில் பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கும். அப்படி ஒன்று வந்தால் நான் பின்பக்க அறைக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். என் முதலாளி இந்த ஊர்க்காரர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் சின்னவராக இருக்கும்போது இந்தக் கரி ஊர்ப் பெடியன்கள்கூட வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை கட்டைத் தோல்காற்சட்டையோடுதான் திரிந்தார்களாம். சாம்பல் நிறம், ஒரு பூவும் இல்லாமல், அண்ணன் போட்டதைத் தம்பி போட்டு. தாய்மாருக்குத் தோய்க்கிற வேலை மிச்சம். ஜீன்ஸ் வந்துதான் அதை மலைக்குத் திருப்பி அனுப்பியது என்பார். இன்னொன்றும் சொன்னார். நாசிகளின் காலத்தில், தலைமுறையாக இதைப் போட்டு வளர்ந்த யூதர்களை, இது உங்களுக்கு உரிய உடுப்பில்லை, போடக்கூடாது என்று சில இடங்களில் தடுத்தார்களாம். இந்த நாட்டில் ஒருத்தி, போடு மகனே, நீயும் எங்கள் பிள்ளை என்று தன் கையால் எழுதித் தந்தா. போடாதே என்று பறித்தது தகப்பன்.

இரண்டு கிழமைக்கு முன் நான் மியூனிக் பக்கம் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொன்னது நினைவிருக்கும். அதுவும் பொய், ஆனால் இதுதான் கடைசி. நான் ஐக்னர் அம்மாவிடம் போனேன். எண்பதைத் தொட்டுவிட்டா, அதே வீடு, தோட்டத்து மர வாங்கிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தா. நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. விலை கூடிய சொக்லேட் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காற்சட்டையைத் தொலைத்தது பெடியன் இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவ அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை. அவ சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். "தெரியும். பெடியன் என்ர முகத்தைப் பாத்துச் சொன்னவன். நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்." காற்சட்டை போனதில் தனக்குக் கவலையில்லை, அவன் கேக் தின்ன வராமல் விட்டதுதான் கவலை என்றா. மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். அப்போது நிமிர்ந்து பார்த்தா.

"அவனுக்குச் சொல்லியாச்சோ?"

இன்னும் இல்லை என்றேன்.

"அப்ப என்னட்டை ஏன் முதல் வந்தனீங்கள்?"

அவ அவரைக்காய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா, கதவைச் சாத்தினா. சொக்லேட் பெட்டி வாங்கிலிலேயே கிடந்தது. ரயிலில் ஏழு மணித்தியாலம் யோசித்ததில் பதில் வந்தது. அவவிடம் மன்னிப்பு வாங்கினால், அதைக் காட்டி உன்னிடம் சுலபமாக வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அடி வாங்கியவனை விட்டுவிட்டு, அன்பாகப் பேசுவா என்று தெரிந்த இடத்துக்கு முதலில் போயிருக்கிறேன். கோழைத்தனம் இத்தனை வயதிலும் என்னை விடவில்லை.

உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லை. இருந்தாலும் தகப்பன் என்பவன் வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டான், அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்து, உன் பிள்ளையால் உனக்கு நாலு பேர் முன்னால் வெட்கம் வந்தால், அந்த நாலு பேரை அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இரு. எதையும் செய்துவிடாதே. செய்துவிட்டால் அன்றே சொல்லு. பிள்ளைகள் பெரிய பிழையைக்கூட அன்றே மறப்பார்கள். மறுநாள் சொல்வது அன்று சொல்வதைவிடக் கஷ்டம், பத்தாம் வருசத்தில் நாக்கே எழும்பாது.

கலியாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று லேனா கேட்டிருக்கிறாள். நீ சம்மதித்தால் இதைத்தான் பேசுவேன், தமிழிலும் ஜேர்மனிலும், உன் மாமாவும் கேட்கும்படி. இருபத்தாறு வருசம் உன்னை வைத்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள். நீ வேண்டாம் என்றால் ஒரு மூலையில் பேசாமல் இருப்பேன். வரவே வேண்டாம் என்றால் அம்மாவை ரயிலேற்றிவிட்டு வீட்டில் இருப்பேன், யாரையும் உன்னிடம் தூது அனுப்பமாட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது.

ஆனால் நான் வந்தாலும் வராவிட்டாலும் லேனாவின் அப்பாவிடம் நீ போக வேண்டும். அந்தப் பெட்டியைத் தாருங்கள் என்று நீயே கேள். மோதிரத்தையும் உன்னிடமே வைத்துக்கொள், பத்துத் தரம் தொட்டுப் பார்க்காதே. உன்னை நம்பி எதையும் தரலாம். எட்டு வயதில் ஒருத்தி உன்னை நம்பித் தந்தா, நீ அதை ஒரு சுருக்கமும் விழாமல் வைத்திருந்தாய். உன் கையிலிருந்து அதை எடுத்தது உன் அப்பா.